விரலை ஏற்காத கைபேசி

ஒரு வாரமாக என் கைபேசி என் விரலை ஏற்க மறுக்கிறது. ஹாம்பர்க்கில் மகளைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் நின்று கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறேன். உள்ளங்கைகளில் தோல் உரிந்துகொண்டிருக்கிறது. நோய் தணிந்தபின் இப்படி ஆகுமாம். நோயின் பெயர் டாக்ஸிக் ஷாக். கிருமி ஒன்று உடலுக்குள் நஞ்சைப் பரப்ப, இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடியது. ஊரில் இருப்பவர்களும் என்னைப் போல வந்தவர்களும் படிக்கும் இடத்தில் இதை எழுதலாமா என்று இன்னும் தெரியவில்லை.

மகளின் காதுகுத்துக்காகக் கொல்லிமலையில், தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் இருக்கும் கணவரின் ஊருக்குப் போயிருந்தோம். குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த மூன்றாம் நாள் விமானம். காதுகுத்து அன்று விடியற்காலை எனக்கு மாதவிலக்கு வந்தது. சொன்னால் கோயிலுக்குள் போக முடியாது, நாளைத் தள்ளவும் வழியில்லை. சொல்லவில்லை. இங்கே ஹாம்பர்க்கில் மகளோடு நீச்சல் வகுப்புக்குப் போனபோது டாம்பன் பழகியிருந்தேன், உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சு. எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற தாளை இரண்டு முறை படித்தவள் நான். ஆனால் சொந்தக்காரர்கள் நடுவே எங்கே மாற்றுவது, எங்கே போடுவது? மறுநாள் ஆகியும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் கடும் காய்ச்சல், வாந்தி. வெயிலில் வெந்ததுபோல் உடம்பெல்லாம் சிவப்பு. கறி விருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நானும் அதை நம்ப விரும்பினேன். மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குத் தூரமாங்க?" என்று மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், என் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றேன். கிழமைகூட நினைவில்லாமல் கலங்கியிருந்தேன். பொய் மட்டும் தெளிவாக வந்தது.

குளுக்கோஸ் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. காரணம் தெரியாமலே நாமக்கல்லுக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்தது. கீழே இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாசலில் மகள் புதுத் தோட்டைப் பிடித்தபடி நின்றாள். அவளைப் பார்த்ததும் அத்தையின் கையைப் பிடித்தேன். "நேத்தே தூரமாயிட்டனுங்க அத்தை. உள்ள பஞ்சு இருக்குதுங்க."

"இதச் சொல்றதுக்கென்ன சாமி? கோயிலு எங்க ஓடிப்போவுது?"

அவரே நர்ஸைக் கூப்பிட்டு, ஆண்கள் நிற்பதையும் பாராமல், உரக்கச் சொன்னார். பஞ்சை எடுத்து, அதற்கான மருந்தையும் ஏற்றிய பிறகே ஆம்புலன்ஸ் கிளம்பியது. நாமக்கல்லில் ஐந்து நாள் தீவிர சிகிச்சை. விமானம் நாங்கள் இல்லாமலே போனது.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று இங்குள்ள டாக்டர் கேட்டார். மாமியார் பக்கத்தில் இருந்தார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாமியார் மிரட்டினாரா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார் என்றேன். என் ஜெர்மன் போதவில்லை என்று நினைத்திருப்பார். தமிழிலும் இதை என்னால் விளக்க முடியாது.

நாங்கள் கிளம்பிய பின் அத்தை தனியாகக் கோயிலுக்குப் போய்த் தீட்டுக் கழித்தாராம். கணவர்தான் சொன்னார். அத்தை என்னிடம் மறைத்துவிட்டார். அது வருத்தமா, என்மேல் வைத்த கரிசனமா, தெரியவில்லை. நேற்று வீடியோவில் அழைத்தவர், நலம் விசாரிக்கும் முன்பே, "இனி தூரமானா எனக்குச் சொல்லிப்போடு கண்ணு," என்றார். சரிங்க என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று இரவெல்லாம் யோசித்தேன்.

அங்கே உரியத் தொடங்கிய தோல் இங்கே உதிர்ந்து முடிகிறது. புது ரேகையைப் பதிவு செய்யவா என்று கைபேசி கேட்கிறது. பழையதை நீக்காமல் இதற்கும் இடம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் பேருந்து போய்விட்டது.