ராகு காலத்தில் கிளம்பிய சனிக்கிழமை

யுத்தம் முடிந்த வருஷம், கார்த்திகை மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில் என் மகன் ரகுவின் தொண்டையில் வெள்ளைப் படலம் கட்டியிருந்தது. ஐந்து வயது. தண்ணீர்கூட இறங்கவில்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார் என் கணவர். நான்தான் தடுத்தேன்.

"ஏழரைக்கே ராகு காலம் ஆரம்பிச்சுடுத்து. ஒம்பது மணி ஆகட்டும், ஏன்னா."

என் பேச்சைத் தட்டாத மனுஷர். அன்றைக்காவது தட்டியிருக்கலாம்.

ஒன்பதுக்குப் பிறகு ஜட்கா வண்டி தேடிப் பிடித்து, மயிலாப்பூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது சீட்டுக் கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். ஒன்பதரையோடு சரியாம். சீட்டு இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது. மன்றாடினோம். "நாளைக்கு வாங்க" என்றார் குமாஸ்தா. அன்று சாயங்காலமே ரகு போய்விட்டான். நான் அழக்கூட இல்லை. கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை என் மகள் சரோஜாவின் தொண்டையிலும் அதே படலம். இவர் ஓடிப்போய் ஜட்கா கொண்டுவந்தபோது மணி ஒன்பது. அன்றைக்கு ராகு காலம் தொடங்குகிற நேரமே அதுதான். ஏறி உட்கார்ந்தேன். தீட்டு இருந்ததால் கோயிலுக்குள் போக முடியாது. வண்டி கோயிலைத் தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்துக் கதறினேன். "கற்பகாம்பா, ஒன்றை எடுத்துக்கொண்டாய். இதையாவது விட்டுவிடு."

ஆஸ்பத்திரியில் நீள வரிசை. ஜன்னல் சாத்தப் பத்து நிமிஷம்தான் இருந்தது. முன்னால், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு மீன்கார அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, புள்ளைக்கு மூச்சு இப்டி இழுக்குது? என் எடத்துக்கு வா. இதுக்கு வெறும் ஜொரந்தான். நான் திங்கக்கெழம வந்துக்கறேன்."

சரோஜாவுக்கு அன்றே ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டாள். அம்பாள்தான் அந்த அம்மாளை அங்கே நிறுத்தியிருந்தாள் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பிறகு நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் என்று மீனவர் குப்பமெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. அவள் குழந்தைக்குச் சுரம் இறங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்கு அர்ச்சனை செய்கிறேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். தெரியாது என்பேன்.

நான் இப்போது பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்பாளை நம்புங்கள். நம்பி, அந்த நிமிஷமே கிளம்புங்கள். நல்ல நேரத்துக்காக நான் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தை அவளாலும் திருப்பித் தர முடியவில்லை.