ஓடாத பஸ்ஸில் ஒரு குடித்தனம்

நாகவல்லி கல்யாணமாகி வந்து குடியேறியது ஓடாத ஒரு பஸ்ஸில். எண்பத்தேழாம் வருஷம். கணவன் எத்திராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் நைட் ஷிப்ட். கொரட்டூர் ஏரியோரம் பஸ்களுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் பின்புறம் சக்கரமில்லாமல் நின்ற பஸ்ஸில், இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளி அவர்களைத் தங்கவிட்டார்.

நீளமான பின்சீட்டுதான் கட்டில். பயணிகள் பிடித்து நிற்கும் கம்பிதான் துணிக்கொடி. மார்கழியில் சுகமாகத்தான் இருந்தது. கத்திரி வெயில் வந்ததும் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. பகலில் தூங்கும் எத்திராஜ் வெளிச்சம் கூசுகிறதென்று எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டுப் படுப்பான்.

ஒரு மத்தியானம் நாகவல்லி லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"கண்டக்டர், ஆவடி வந்தா சொல்லுப்பா."

விளையாடுகிறான் என்று நினைத்தாள். கிட்டே போய்த் தொட்டாள். உடம்பு கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை.

அவள் போட்ட சத்தத்தில் பட்டறை வெல்டர் வேலுசாமி ஓடிவந்தார். இருவருமாக அவனைத் தூக்கி வந்து புங்க மரத்தடியில் கிடத்தினார்கள். வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை அப்படியே அவன்மேல் கொட்டினாள். அட்டையால் விசிறினாள். வேலுசாமி சொம்பை அவன் வாயருகே கொண்டுபோனார்.

"வாய்ல ஊத்தாத அண்ணாத்தே. நெனப்பே இல்ல அவருக்கு, பொர ஏறிக்கும். பட்டறை டெம்போவ எடு."

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஈரப்புடவையால் அவனைத் துடைத்துக்கொண்டே போனாள். மறுநாள் கண் விழித்தவன், "இன்னாமே ஆச்சு?" என்றான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதன்பிறகு வேலுசாமி பஸ் கூரையில் காற்றுப்போக்கிக்கு இடம் வெட்டிக் கொடுத்தார். மேலே இடைவெளி விட்டுக் கீற்று வேய்ந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று நாகவல்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எத்திராஜ் கண்ணில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடியிலேயே தூங்கப் பழகினான். பானையில் உப்புப் போட்ட மோர் எப்போதும் இருக்கும். சாயங்காலம் கீற்றில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தால், ஏரியிலிருந்து காற்று வரும். மின்சார ரயில் அரக்கோணம் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

சில வருஷம் கழித்துப் பட்டாபிராமில் சிமெண்ட் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். முதல் கோடையில் மின்விசிறியின் கீழே புரண்டு படுத்த நாகவல்லி சொன்னாள்: "ஃபேன் கீது, செவுரு கீது. அந்தக் காத்து இல்லியே."

எத்திராஜ் எழுந்து போய்த் தெருக்கதவைத் திறந்து வைத்தான்.