நடக்கக் கூடாத தெரு

புதுக்கோட்டை டாக்டர் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறியதும் என் அப்பச்சி உட்கார்ந்துவிட்டார். அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம்; பிரியமாகக் கூப்பிடும்போது மகளும் ஆத்தாதான். கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அவர் மூச்சு வாங்கியது கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும். ஜிப்பா முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மேலே போவதா, கீழே இறங்குவதா என்று தெரியாமல் ஆத்தாவும் நானும் இரண்டு படி கீழே நின்றோம். கடைசியில் டாக்டரே இறங்கி வந்து, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் எங்கள் கார் டிரைவருமாகத் தாங்கி மேலே கொண்டுபோனார்கள். சோதித்துப் பார்த்த பிறகு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“சர்க்கரை ஏறிக் கெடக்கு. ரத்தக் கொதிப்பும் இருக்கு. மருந்து தாரேன், ஆனா அது பாதிதான். தெனம் காலையில ஒரு மணி நேரம் நடக்கணும். கார்லயே போய்க்கிட்டு இருந்தீங்கன்னா, இந்தா நிக்கிதே ஒங்க மக, இதோட கல்யாணத்தப் பாக்க மாட்டீங்க.”

ஆத்தாவின் முகம் சுண்டிவிட்டது. வியாதியைக் கேட்டு அல்ல, வைத்தியத்தைக் கேட்டு என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். என் பேரன்மார் நடப்பதற்கென்றே தனியாக ஷூ வாங்குகிறார்கள். வீட்டிலிருந்து காரில் மைதானத்துக்குப் போய், அங்கே இறங்கி நடந்துவிட்டு, மறுபடி காரில் வீட்டுக்கு வருகிறார்கள். இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஐம்பதுகளின் நடுவில், திருமயத்தை ஒட்டிய எங்கள் ஊரில், ஐம்பது வயது தாண்டிய ஒரு பெரிய வீட்டு மனிதர் தெருவில் இறங்கி நடப்பது சாதாரண சங்கதி இல்லை.

எங்கள் ஆண்கள் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய் வியாபாரம் செய்து வீடு கட்டியவர்கள். யுத்தத்துக்குப் பிறகு பர்மாவில் இருந்ததெல்லாம் போயிற்று. முகப்பில் தேக்குத் தூண் மின்னும், உள்ளே அடுப்பு எரியாது என்கிற வீடுகள் தெருவுக்கு இரண்டு மூன்று இருந்தன. எந்த வீடு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கார் போய்விட்டால் மட்டும் தெரிந்துவிடும். நேற்றுவரை காரில் வந்தவர் இன்று குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால், மத்தியானத்துக்குள் சுற்று வட்டாரம் முழுக்க அவர் நொடித்துப்போன செய்தி பரவிவிடும். அதனால் எங்கள் தெருவில் கௌரவம் உள்ளவர்கள் நடப்பதே இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கும் அப்பச்சி காரில்தான் போவார். காரைக் கிளப்புகிற நேரத்தில் நொண்டிக்கொண்டே போய்த் திரும்பிவிடலாம்.

டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிட்டு நடக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் முடியாது. அப்போதுதான் பொன்னமராவதிக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல வீட்டில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை வியாதி என்று தெரிந்தால், அப்பனுக்கு வந்தது மகளுக்கும் வரும் என்று கையைக் கழுவிவிடுவார்கள். நொடித்த வீட்டுப் பெண், அல்லது நோயாளி வீட்டுப் பெண். இரண்டில் எது ஆனாலும் நான் வீட்டோடு நிற்க வேண்டியதுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் ஆத்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: “வியாதின்னும் வெளிய தெரியக் கூடாது, நடக்கறதும் தெரியக் கூடாது.”

முதலில் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தார். எங்கள் வீட்டு வளவு பெரியது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில் அப்பச்சி சுற்றி வந்தார். ஆனால் அது எங்களுக்கு மட்டும் உரிய வீடு இல்லை. பங்காளிகள் நான்கு குடும்பமும் அதே வளவில்தான் புழங்கினார்கள். அப்பளம் காயப்போட்டிருந்த பெரியாச்சி, “என்னப்பா, செக்கு மாடு மாதிரி சுத்துறே?” என்று கேட்டார். பிள்ளைகள் அவர் பின்னால் ரயில்வண்டி விட்டார்கள். திரும்பித் திரும்பி நடந்ததில் தலை சுற்றி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே நான்கு நாள் பார்த்தார். பிறகு ஒரு நாள் விடிகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், வாசலில் இறங்கிப் போய்விட்டார்.

முதல் நாள் ஊருணிவரைகூடப் போக முடியவில்லை. ஊருணிக்கு முன்னாலுள்ள புளியமரத்தில் கையை ஊன்றி வெகுநேரம் நின்றதாக அவரே பின்னால் சொன்னார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மறுநாளும் போனார். கேழ்வரகுக் கூழும் கோதுமைக் கஞ்சியும் குடித்தார். வெல்லம் போட்ட கந்தரப்பம் சுடுகிற வாசனை பங்காளி வீட்டுப் பக்கமிருந்து வந்தால் எழுந்து முகப்புக்குப் போய்விடுவார். மெல்ல மெல்லப் புளியமரம் போய் ஊருணி வந்தது, ஊருணி போய்க் கண்மாய்க்கரை வந்தது. ஒரு நாள் திரும்பி வந்தவர் வாசல்படியில் ஏறிக்கொண்டே என்னிடம் பேசினார். பேச்சின் நடுவில் மூச்சுக்கு நிற்கவில்லை. அவரே அதைக் கவனித்துவிட்டு, பரீட்சையில் தேறின பையன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆத்தாவால் சிரிக்க முடியவில்லை. தெருவில் ஜன்னல்கள் திறந்து மூடுவது அவர் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பச்சி முன்னால் நடக்க, எங்கள் கார் அவருக்குப் பின்னாலேயே வெறுமனே ஊர்ந்து வர வேண்டும். கார் இருக்கிறது, விற்கவில்லை என்று ஊர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. அப்பச்சி எவ்வளவோ மறுத்தார். டிரைவரிடம் ஆத்தா நேராகவே உத்தரவு போட்டுவிட்டார். செம்மண் புழுதியில் ஒரு கனத்த மனிதர் வியர்க்க விறுவிறுக்க நடக்க, பத்தடி பின்னால் அவருடைய சொந்தக் கார் உறுமிக்கொண்டே நகர்ந்து வந்த காட்சியை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்தக் கார் இப்போது வேறொருவருக்குச் சொந்தமாம், அதனால்தான் அவரை உள்ளே ஏற்றுவதில்லையாம் என்று கீழத்தெருவில் பேசிக்கொண்டார்கள். மேலத்தெருக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கார் கைமாறப் போகிறது, வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கிறார் என்றார்கள். டிரைவரை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நம்பினார்கள்.

ஒரு வாரத்தில் என் அயித்தை, அதாவது அப்பச்சியின் தங்கை, வில்வண்டியில் வந்து இறங்கினார். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“அண்ணே, அங்கிட்டு வரைக்கும் பேச்சு போயிருச்சு. பேசி முடிக்கிற நாளத் தள்ளி வைக்கச் சொல்றாங்க. ஒங்களுக்கு என்ன தலையெழுத்தா இப்பிடி வெயில்ல அலையணும்னு? தாலி ஏறுற வரைக்குமாச்சும் கார்ல போயிட்டு வாங்களேன்.”

அப்பச்சி கதவோரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

அந்த ஒரு மாதத்தைப் போல மோசமான காலத்தை நான் பார்த்ததில்லை. கார் மறுபடி பிள்ளையார் கோயிலுக்குப் போயிற்று. ஜன்னல்கள் சமாதானமாயின. அயித்தை சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார். அப்பச்சிக்கு மட்டும் கால் வீங்க ஆரம்பித்தது. கட்டைவிரலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. வளவைக் கடப்பதற்குள் ஒரு தூணடியில் நின்றுகொள்வார். என் கல்யாணத்துக்காக அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டு, முகூர்த்தப் புடவைக்கு நிறம் பேசினார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஆத்தாவிடம் கத்தினேன். “இப்பிடி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்.” ஆத்தா என் வாயைப் பொத்தி, பங்காளி வீட்டுப் பக்கம் பார்த்தார்.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அப்பச்சியைப் போலவே பருத்த சரீரம், பளபளவென்று கார். நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்பது புரிந்தது. ஆத்தா ஓடி ஓடி வெள்ளிப் பாத்திரங்களை எடுத்து வைத்தார். முகப்பில் இருவரும் எதிர் எதிராக உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். வேறு பேச்சே எழவில்லை. உள்கதவுக்குப் பின்னால் ஆத்தாவின் மூச்சும் என் மூச்சும்தான் கேட்டன. திடீரென்று அப்பச்சி எழுந்தார்.

“இங்க தூணுக்கெல்லாம் காது. வாங்க, கண்மாய்க்கர வரைக்கும் நடந்துக்கிட்டே பேசுவோம்.”

வந்தவர் ஒரு கணம் தன் காரைப் பார்த்தார். மறுத்துச் சொல்ல மரியாதை இடம் கொடுக்கவில்லை. வெயில் ஏறிய நேரத்தில், எல்லா ஜன்னலும் பார்க்க, இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஒரு மாதமாக நடக்காத உடம்பு, ஆறாத கால். ஆத்தா சாமி அறைக்குப் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டிரைவரை அனுப்பலாமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தெருக்கோடியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு வருவது தெரிந்தபோது, தாங்கப்பட்டு வருகிறவர் அப்பச்சிதான் என்று நினைத்து ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால், அப்பச்சி நொண்டிக்கொண்டே வந்தார். ஆனால் தாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. மோர் குடித்தார். காரில் ஏறும்போது ஆத்தாவைப் பார்த்து, “நாள் குறிச்சுச் சொல்லி அனுப்புறேன் ஆச்சி” என்றார்.

மறுநாள் அப்பச்சி நடக்கப் போனார். கார் பின்னால் போகவில்லை. என்ன பேசினார்கள் என்று அப்பச்சி யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து நான் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கண்மாய்க்கரையில் அப்பச்சி உண்மையைப் போட்டு உடைத்திருக்கிறார். சொத்து அப்படியேதான் இருக்கிறது, எனக்குத்தான் சர்க்கரை வியாதி, நாள் குறைவு, நாளையிலிருந்து நடக்கத்தான் போகிறேன், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பனார் மடைக் கல்லில் உட்கார்ந்து, “எனக்கும் அதேதான். வீட்டுல கூடத் தெரியாது. நடக்கச் சொல்றாங்க. நான் எப்பிடி நடக்க? இன்னும் ரெண்டு பொண்ணு நிக்கிதே” என்றாராம்.

“ஒம் மாமனாரப் பாத்துக்கத்தா. எப்பிடியாச்சும் நடக்க வையி” என்றார் அப்பச்சி.

மாமனார் முன்னால் மருமகள் நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் அவருடைய காபியில் சர்க்கரையைக் குறைத்தேன். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முழுவதும் குடித்தார். ஒரு நாள் துணிந்து, “எங்க அப்பச்சி இப்ப கண்மாயச் சுத்திட்டு வாராங்க மாமா” என்றேன். “பெரியவ கல்யாணம் முடியட்டும் ஆத்தா” என்றார். பெரியவள் கல்யாணம் முடிந்தது. மறுபடி கேட்டேன். உள்ளே பூத்தொடுத்துக்கொண்டிருந்த சின்ன மகளைக் கண்ணால் காட்டிவிட்டுக் காரில் ஏறினார். நல்ல மனிதர். அந்த நல்ல குணத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் டிரைவர் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றார். மாமா இறங்கவில்லை. தோளில் மடிப்புக் கலையாத துண்டோடு பின் இருக்கையில் சாய்ந்தபடியே இருந்தார்.

கேள்விப்பட்டு அப்பச்சி வந்தார். மெலிந்து, கறுத்து, நிமிர்ந்த முதுகோடு இருந்தார். எங்கள் ஊர்களில் சுடுகாடுவரை எல்லாரும் நடந்துதான் போக வேண்டும், அதில் பெரிய வீடு சின்ன வீடு கிடையாது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தத் தெருவில் அன்று ஒரு காரும் கிளம்பவில்லை. மாமாவுக்குப் பின்னால் அத்தனை வீட்டு ஆண்களும், செருப்புக்கூட இல்லாமல், நட்டநடுத் தெருவில் நடந்து போனார்கள். ஒருவர்கூட வெட்கப்படவில்லை.