அருளப்பு மாஸ்டரின் காரும் அவருடைய மாமியும்

ஓடவே ஓடாத காரைத் திருத்துவது லேசு. சில நேரம் மட்டும் ஓடாத கார்தான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும். வெள்ளைச் சட்டை போட்டு வெளிக்கிட்டு, சாவியைத் திருப்பி, வெறும் 'டிக்' சத்தம் கேட்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் எங்கள் ஆள்தான்.

வருத்தம் மாறின நோயாளி

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கராஜில் எனக்கு வேலை. ஒருநாள் கணக்குப் படிப்பிக்கிற அருளப்பு மாஸ்டரின் காரை அயலட்டைச் சனம் தள்ளிக்கொண்டு வந்தது. வீட்டில் அசையவே இல்லையாம். நான் சாவியைத் திருப்பினேன், உடனே ஸ்ராட் ஆனது! பிளக், கொயில் எல்லாம் கழற்றிப் பார்த்தேன். லைற் பளிச்சென்று எரிந்ததால் பற்றரியிலும் சார்ஜ் இருந்தது. தள்ளி வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரை முறைத்தார்கள்.

மாஸ்டர் சொன்னார்: "என்ரை வகுப்புப் பெடியளும் இப்பிடித்தான் தம்பி. இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் ஒழுங்கா இருப்பாங்கள்."

கிண்ணியாத் துறையில்

பிறகும் கார் மக்கர் பண்ணியதால், கூடவே போய்ப் பார்ப்பம் என்று ஒருநாள் ஏறினேன். மாஸ்டரின் மாமி, அவருடைய பெண்சாதியின் தாய் திரேசம்மாவும் பின் சீற்றில் வந்தா. நல்ல பாரமான மனுசி. வாகனங்களை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போகிற பாதைப் படகு கரை தட்டியதும் மாமி இறங்கி நடந்தா. மாஸ்டர் சாவியைத் திருப்பினார். டிக். பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தன. உப்புக்காற்று ஈரமாக்கும் என்று பிளக்குகளை என் சட்டையாலேயே துடைத்தேன். டிக். கரையில் வெயில் தாங்காமல் மாமி திரும்பி வந்து, செபமாலையோடு ஏறி இருந்தா. கார் சீறிக்கொண்டு கிளம்பியது.

அதற்குள் மீன் லொறிக்கார முஸ்லிம் நானா எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "மாஸ்டர், அடுத்தமுறை மெக்கானிக்க வீட்ட விட்டுட்டு உம்மாவ மட்டும் கூட்டிட்டு வாங்க."

பின் சீற்றுக்குக் கீழே

ஒரு கிழமையால் மாஸ்டர் கராஜுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். மாமி ஏறினால்தான் கார் ஓடுகிறதாம். அதனால் பள்ளிக்கூடம், சலூன், கடைசியில் கள்ளுத் தவறணை வரைக்கும் மாமியும் வாறாவாம். புருசன் செத்தபிறகு இறக்கக்கண்டியிலிருந்து மகளைப் பார்க்க வந்த மனுசி, தன்ரை செபத்தாலதான் கார் ஓடுது என்று அங்கேயே தங்கிவிட்டாவாம்.

மாஸ்டரின் வீட்டுக்குப் போய்ப் பின் சீற்றைத் தூக்கினேன். பற்றரி அதற்குக் கீழேதான். தரையோடு பூட்டியிருந்த எர்த் வயரின் நட்டுச் சுரை தளர்ந்திருந்தது. மாமி ஏறி இருந்தால் சீற் அமத்தும், வயர் தொடும், கார் ஓடும். அன்றைக்குக் கராஜுக்குத் தள்ளி வந்த குலுக்கத்திலும் அது தொட்டிருக்கும். சுரையை இறுக்கினேன். மாஸ்டர் தனியாக ஏறித் திருப்பினார், ஸ்ராட் ஆனது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குடையோடு வாசலில் வெளிக்கிட்டு நின்ற மாமியின் முகம் விழுந்துபோனது. "அப்ப நான் இனித் தேவையில்லைப் போல" என்று உள்ளே திரும்பினா. மாஸ்டர் என்ஜினை நிறுத்தினார். பிறகு இறங்கிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்கோ மாமி. தனியப் போக எனக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு."

மாமி குடையை மடக்கினா: "வாறன் தம்பி. ஆனா முன் சீற்றிலதான் இருப்பன். நீங்கள் ஓடுற ஓட்டத்தை ஆராவது கிட்ட இருந்து பாக்கவேணும்."

கார் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்துக் கொடுக்கலாம், ஓடுகிற காரில் யார் எங்கே இருப்பது என்ற வழக்குக்கு எந்த மெக்கானிக்கிடமும் சாவி இல்லை.