ஸ்டெல்லா மூக்குக்கு முன்னாடி நின்ன ஈ

கல்யாண ஃபோட்டோகிராஃபருக்குக் கால் ஒரு மாதிரி பழகிடும். ஓரத்துல நிக்கிற சித்தப்பாவை ஃப்ரேம்ல வெட்டிட்டோம்னா, ஆல்பம் குடுக்கிற அன்னிக்குக் குடும்பமே சண்டைக்கு வரும். அதனால யாராவது ஓரத்துல தெரிஞ்சா, கால் தானா ரெண்டடி பின்னாடி போயிடும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவுத்துச்சு.

தொண்ணூறுகள்ல மந்தைவெளியில சின்ன ஸ்டூடியோ வச்சிருந்தேன். தி.நகர் தேன் கடைக்காரர் ஒருத்தர் காலண்டருக்குப் படம் கேட்டார். "தேனீ அந்தரத்துல அப்படியே நிக்கணும்பா. திங்கக்கெழம வேணும். முடியலன்னா சொல்லிடு, கோடம்பாக்கத்துல வேற ஆளுங்க கீறாங்க."

கல்யாணத்தைத் தாண்டி எனக்கு வந்த முதல் ஆர்டர். விடுவேனா? "ஆயிடும் சார்"னுட்டேன்.

தேனீ எங்க ஒரு இடத்துல நிக்குது! ஆனா எங்க மொட்டை மாடி செவ்வந்தித் தொட்டிக்கு, தேனீ மாதிரியே வேஷம் போட்டுக்கினு ஒரு ஈ வரும். காத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். காலண்டர்ல யாருக்குத் தெரியப் போவுது?

சனிக்கிழம காலைல என் வீட்டுக்காரி ஸ்டெல்லா கையில தெர்மோகோல் அட்டையைக் குடுத்து, செடி மேல வெளிச்சம் திருப்பச் சொன்னேன். அவ மஞ்சள் புடவையில இருந்தா. ஈ செவ்வந்தியை விட்டுட்டு நேரா அவ மூக்குக்கு முன்னாடி வந்து நின்னுச்சு.

"ஏங்க, மொறைக்குதுங்க!"

"ஆடாத! ரெடி... ஸ்மைல்!"

"யாரைச் சொல்றீங்க? என்னையா, அதையா?"

ரோல் முழுக்க அடிச்சேன். சாயங்காலம் கழுவிப் பிரிண்டு போட்டா, ஐயோ! எல்லாத்துலயும் ஸ்டெல்லா இடுப்பு வரைக்கும் பளிச்சுனு, ரெண்டு கண்ணும் மூக்கு நுனியைப் பாத்துக்கினு. ஈ வெறும் புள்ளி. பாழாப்போன கால் பின்னாடி போயிருக்கு.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆர்டர் போச்சுன்னே நெனைச்சேன். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், "நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து நிக்கிறேன். என்னை முழுசா வெட்டிடுங்க"ன்னா. என் சர்வீஸ்ல அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவதான்.

ஞாயித்துக்கிழம அதே புடவை, அதே இடம். நல்லவேளை, ஈயும் வந்துச்சு; இந்த வாட்டி அவ புடவை முந்தானைக்கு முன்னாடி நின்னுச்சு. ஃபோகஸ் ரிங்கைத் தொடாம கிட்டப் போயி, நானே முன்னாடியும் பின்னாடியும் ஆடி, ஈ ஷார்ப்பாத் தெரியும்போதெல்லாம் அடிச்சேன். ஒரே ஒரு படம் தேறுச்சு. கடைக்காரர் பாத்துட்டு, "அட, நம்ம தேனீ!"ன்னு பூரிச்சுப் போயிட்டார். நான் காசை வாங்கிக்கினு கெளம்பிட்டேன்.

காலண்டர் அச்சாகி வந்துச்சு. வீட்டுக்கு வந்த என் தங்கச்சியை ஸ்டெல்லா அது முன்னாடி நிறுத்தி, ஈக்குப் பின்னாடி மங்கலா இருந்த மஞ்சளைத் தொட்டுக் காட்டினா. "இது நான்."

"தலையைக் காணோமே அண்ணி?"

"உங்க அண்ணனைக் கேளு."

அப்போ என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை! தொழிலுக்குப் புதுசா வர்ற பசங்களா, "வெட்டிடுங்க"ன்னு அவங்க வாயாலயே சொன்னாலும் நம்பி வெட்டாதீங்க. ஒரு காதாவது இருக்கட்டும்.