பக்கப் பையில் இருந்த மூன்று பற்றரிகள்

“பெப்ரவரி 11, ஞாயிறு, பிற்பகல். ஒரு பயணியின் பொதியில் கொண்டுசெல்லக் கூடாத பொருள் காணப்பட்டதால் விமானத்தில் ஏறுவது பத்தொன்பது நிமிடம் தாமதமானது.”

எங்கள் யாத்திரைக் குழு வெளியிட்ட மலரின் பன்னிரண்டாம் பக்கத்தில் இந்த வரி இருக்கிறது. எழுதியவன் நான். திகதி சரி. கிழமை சரி. பத்தொன்பது நிமிடமும் சரிதான், கைக்கடிகாரத்தைப் பார்த்து அங்கேயே குறித்துக்கொண்டது. அந்தப் பொருள் யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை. அது என்னுடையது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போகிற இடமெல்லாம் படம் எடுப்பதும் நாட்குறிப்பு எழுதுவதும் என் பழக்கம். கண்டியின் ஈரத்தில் கமரா வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அவற்றை இறுக்கமான டப்பாக்களில் போட்டு, கடைசியாகத் திறந்த திகதியை டப்பாவின் மேல் ஒட்டி வைப்பேன். மனைவி கேலி செய்வாள்: “எனக்குக் காய்ச்சல் வந்த திகதி கேட்டால் தெரியாது. உந்த டப்பா திறந்த திகதி மட்டும் தெரியும்.”

நாவலப்பிட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஆண்டுதோறும் திருச்சிப் பக்கத்துக் கோயில்களுக்கு ஒரு குழுவை அழைத்துப் போகிறார். குழுவில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து வருபவர்கள், முதன்முறை விமானம் ஏறுபவர்கள். படம் எடுக்கவும் பயண வரலாறு எழுதவும் என்னைச் சேர்த்துக்கொண்டார். பயணிகளுக்கான அறிவுறுத்தல் தாளையும் நான்தான் தமிழில் எழுதி அச்சிட்டுக் கொடுத்தேன். அதன் நான்காம் இலக்கம் இது: “மேலதிக பற்றரிகளைப் பெரிய பொதியில் வைக்கக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கையில் எடுத்துச் செல்லவும்.”

புறப்படுவதற்கு முதல்நாள், சனிக்கிழமை, பொதிகளை நிறுக்கவும் விட்டுச்செல்லவும் எல்லோரையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அன்று காலை வீட்டில் என் கமராப் பையை நிறுத்துப் பார்த்தேன். கையில் கொண்டுபோகக்கூடிய ஏழு கிலோவுக்கு மேல் நின்றது முள். விமான நிலையத்தில் நிறுத்துப் பார்த்து, கூடுதல் என்று கண்டால் கமராவைப் பெரிய பொதிகளோடு அனுப்பச் சொல்வார்கள். பொதிகளை எறிந்து ஏற்றுகிற படங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் மூன்று பற்றரிகளையும் எடுத்து, கமராவை நிறுத்தும் முக்காலியின் உறையில் இருந்த பக்கப் பையில் போட்டேன். நாளைக் காலை அவற்றைக் காற்சட்டைப் பைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

என் பெரிய பெட்டியில் கோயில்களுக்குக் கொடுக்க எடுத்த படத் தொகுப்புகள் நிறைந்திருந்தன. முக்காலிக்கு இடமில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே நாவலப்பிட்டிக்குப் போனேன்.

கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொரு பொதியாக ஏறி இறங்கியது. ஒரு பெண்ணின் பை வந்தபோது கடைக்காரர் சிரித்தார்.

“என்னாங்கக்கா இது, காத்தடைச்ச பையா? பதினோரு கிலோதான் நிக்கிது.”

“தேத்தூளும் சீலையும்தான் தம்பி. வேற என்னாத்த கொண்டுபோக, தோட்டத்து கல்லயா?”

அறுபது வயதிருக்கும் அவருக்கு. தோட்ட வேலையிலிருந்து நின்றபின் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சுடுகிறார். அவருடைய மூத்த சகோதரி கலியாணமான கையோடு கணவன் வீட்டாருடன் கப்பலேறி இந்தியா போனவர். அன்றைக்குப் பின் இருவரும் நேரில் பார்த்ததில்லை. மற்றவர்கள் சாமி கும்பிட வந்தார்கள். அவர் அக்காவைப் பார்க்க வந்தார். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்று என்னிடம் மூன்று தடவை கேட்டிருந்தார்.

“அப்ப என்ர முக்காலியை இதுக்குள்ள வைப்பமே?” என்றேன்.

“வைங்க சார். அக்காவ படம் புடிக்கிற சாமான்தானே.”

அவருடைய பையில் எனக்குப் பிடித்தது இடம் இருந்தது மட்டுமல்ல, துணி இருந்ததும்தான். முக்காலியின் தலைப் பகுதி அடிபட்டால் கமரா நேராக நிற்காது. மேலே இருந்த ஒரு சேலையைப் பிரித்து அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். சந்தன நிறம், அரக்குக் கரை.

“அது புதுசுங்க சார். அக்காவுக்கு எடுத்தது,” என்றார்.

“ஒண்டும் ஆகாது,” என்றேன். இரண்டாவது சேலையையும் எடுத்தேன்.

திரும்பி வரும் பஸ் கம்பளை நகரைத் தாண்டியபோது பற்றரிகள் நினைவுக்கு வந்தன. மறந்துவிட்டேன் என்று எழுதினால் வாசிப்பவர்கள் நம்புவார்கள். ஆனால் எனக்கு நினைவு வந்தது. கடைக்காரரின் இலக்கம் என் தொலைபேசியில் இருந்தது. கூப்பிட்டால், அந்த நான்காம் இலக்கத்தை எழுதியவனே அதை மீறினான் என்று சொல்ல வேண்டி வரும். கண்டி வரும்வரை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பேராதனைச் சந்தியில் நான் குழுவின் வான் வண்டியில் ஏறியபோது பொதிகள் எல்லாம் பின்னால் அடுக்கிக் கட்டியாயிற்று. சின்னப் பற்றரிகள் மூன்றுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நுழைவாயில் சோதனை முடிந்தது. பொதிகளைக் கொடுத்தோம். கமராப் பையை யாரும் நிறுக்கவேயில்லை. விமானத்துக்குக் காத்திருக்கும் மண்டபத்தில் அதை மடியில் வைத்து, அதன் வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சீருடை அணிந்த ஒரு பெண் அதிகாரி கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, ஒங்களத்தான் கூப்பிடுறாங்க. பேக்க தொறந்து பாக்கணுமாம்.”

அவர் எழுந்தார். என்னைத்தான் பார்த்தார். குழுவிலேயே அதிகம் படித்தவன் என்று என்னை நினைத்திருந்தார்.

“என்னா விஷயம் சார்?”

அந்த நொடியே எனக்கு விஷயம் தெரியும்.

“ஒண்டுமில்லை. சும்மா கேப்பினம். போயிட்டு வாங்கோ.”

செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு அதிகாரியின் பின்னால் போனார். நான் நேரத்தைக் குறித்தேன்.

கடைக்காரர் என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார். “சார், ஒங்களுக்குத்தான் சிங்களம், இங்கிலீஷு ரெண்டும் நல்லா வருமே. கூட போயிட்டு வாங்களேன். பாவம், பயந்துருவாங்க.”

“கமராப் பையை விட்டிட்டு வரேலாது.”

“நான் பாத்துக்கிறேன் சார்.”

“இது வேற ஆக்களிட்டக் குடுக்கிற சாமான் இல்லை.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். தானே எழுந்து போனார். போன வழியிலேயே நிறுத்தி, உள்ளே விட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் வரிசையில் நின்றோம். கடைக்காரர் வாசலில் நின்ற ஊழியரிடம் “ஒரு ஆள் வரணுங்க, ஒரு ஆள் வரணும்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வராவிட்டால் விமானம் அவரை விட்டுவிட்டுப் போகும். நான் எழுந்து நடந்து “அது என்னுடையது” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பத்தொன்பது நிமிடம் இருந்தது.

அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. நேரே என்னிடம் வந்தார்.

“சார், ஒங்க மூணு கால் கம்பு பத்திரமா இருக்கு. அந்த கறுப்பு கட்டைங்க மூணயும்தான் எடுத்துக்கிட்டாங்க. எவ்வளவோ கெஞ்சினேன் சார், குடுக்கல. மன்னிச்சிருங்க.”

“பரவாயில்லை,” என்றேன்.

இதை எழுதும்போது என் கை நிற்கிற இடம் இதுதான். நான் அவரை மன்னித்தேன்.

அந்தப் பயணத்தில் கமராவுக்குள் இருந்த ஒற்றைப் பற்றரியை ஒவ்வொரு விடுதியிலும் ஏற்றிக்கொண்டு சமாளித்தேன். ஐந்தாம் நாள், திருச்சிக்கு அப்பால் ஒரு சிறிய ஊரில், அக்காவும் தங்கையும் சந்தித்தார்கள். அக்கா நடக்க முடியாதவர். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கறுத்துப் போயிட்டியேடி,” என்றார். “நீ மட்டும் என்னா வெளுத்தா இருக்க?” என்றார் இவர். பிறகு இருவரும் அழுதார்கள். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் படம் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். கட்டிக்கொண்டு வந்தபோது, தோளிலிருந்து இறங்கிய மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. முக்காலித் தலையின் எண்ணெய். நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை.

கண்டிக்கு வந்து படத்தைக் கணினியில் திறந்தபோது அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. அதற்கடுத்த வாரம் மலருக்கான பன்னிரண்டாம் பக்கத்தை எழுதினேன்.

இந்த ஆண்டுப் பயணத்துக்கான பெயர்ப் பட்டியல் ஜனவரியில் என்னிடம் வந்தது. அவருடைய பெயர் இல்லை. கடைக்குப் போய் ஏன் என்று கேட்டேன்.

“அவங்க அக்காவுக்கு ரொம்ப முடியலையாம் சார். திரும்ப கூட்டிட்டு போக சொல்லி கேட்டாங்க. நம்ம குழு கமிட்டிதான் வேணாம்னுச்சு.”

“ஏன்?”

“நீங்கதானே சார் எழுதுனீங்க. கொண்டுபோகக் கூடாத பொருள்னு. அத வாசிச்சிட்டு, அது அந்த பொம்பளதானேன்னு கேட்டாங்க. நான் என்னா சொல்ல? மறுபடி புடிச்சா கூட்டம் முழுக்க மாட்டிக்கும்னாங்க.”

மலரில் நான் பெயர் போடவில்லை. அதை ஒரு நாகரிகம் என்றுகூட நினைத்திருந்தேன். போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்று எழுந்து போனவர் ஒருவர்தான்.

“அது என்ர பற்றரி,” என்றேன்.

கடைக்காரர் பருப்பு அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்தார்.

“அன்னைக்கே நெனச்சேன் சார்,” என்றார். “நீங்க எந்திரிக்காதப்பவே.”

அங்கிருந்து நேரே ரொட்டிக் கடைக்குப் போனேன். அவர் மாவு உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிக்குமுன் அவரே தொடங்கினார்.

“சார், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அக்கா சீலையில கற ஒண்ணு இருந்துச்சே. படத்துல காணோமே?”

“நான்தான் அழிச்சனான்.”

“ஏன் சார்?”

கறை எப்படி வந்தது என்று சொன்னேன். பற்றரிகளைப் பற்றியும் கம்பளையில் நினைவு வந்ததைப் பற்றியும் சொன்னேன். மலரில் எழுதிய வரியையும் சொன்னேன். அவர் உருண்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒங்க சாமான்னு தெரியாமலா இருந்தேன்? அந்தப் பொண்ணு சிங்களத்துல ‘காகேத?’ன்னு கேட்டுச்சு. யாருதுன்னு கேட்டா எனக்கு வெளங்காதா? என்னுதுன்னுட்டேன்.”

“ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?”

“ஒங்களுதுன்னா ஒங்களயும் கூப்பிட்டு அந்தக் கமராவயும் புடுங்கிக்குவாங்களோன்னு பயம். அப்பறம் அக்காவ யாரு படம் புடிக்கிறது?” கையைத் துடைத்தார். “ஆனா ‘பரவாயில்லை’ன்னீங்க பாருங்க சார். அதத்தான் வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு நெனச்சி நெனச்சி பாத்தேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “பேர போடச் சொல்லுங்க,” என்றார். “இந்த தடவயும் கம்ப நான் கொண்டாறேன். கட்டைங்கள நீங்க வச்சிக்கங்க.”

அன்றிரவு நடந்ததை மனைவியிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். “அந்த மனிசிக்கு இருந்த அக்கறை உங்களுக்கு இருக்கேல்லையே,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

உண்மையை எழுதிக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்தேன். அவருடைய பெயர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பயணம் அடுத்த மாதம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டேன். “அந்தப் பொருள் இதை எழுதியவனுடையது. பொதிக்குரியவர் குற்றமற்றவர்.” மலர் போன வீடுகளுக்கெல்லாம் நானே போய் ஒட்டி வருகிறேன். வத்தேகமவில் இரண்டு வீடுகள் மிச்சம். ரொட்டிக் கடைக்குப் போய், கறையை அழிக்காத படத்தையும் அவருக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கறை உள்ளதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்று மிஞ்சியிருக்கிறது. அன்று விமான நிலையத்தில் அவரைக் கூட்டிப்போன அறையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. போட்டுக் கொடுத்திருக்கிறார். என்ன தாள், பொருளை எடுத்துக்கொண்டதற்கான சாதாரணச் சீட்டா, அவர் பெயரில் ஏதாவது குற்றம் பதியப்பட்டதா என்று கேட்டு ஜனவரி 29ஆம் திகதி விமான நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். அது என் பொருள் என்றும் அதில் குறிப்பிட்டேன். பதில் வரவில்லை. அந்தத் தாளில் உரியவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருக்கிறதா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதி செய்யப்படவில்லை.