சங்கு ஊதியும் நகராத கூட்டம்

தீயணைப்பு வண்டி ஓட்டுநருக்கு நிலையத்தில் வைத்த பெயர் சிடுமூஞ்சி. பிறவியில் வந்த மூஞ்சியா அது? வண்டிச் சங்கு எவ்வளவு அலறினாலும் ஒதுங்காத ஊருக்குள் வண்டி ஓட்டினால் யாருக்குமே அப்படித்தான் ஆகும். நிலைய வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை அவர் வாய்க்கு வந்தபடி வைவார். பக்கத்து இருக்கையிலிருந்து நிலைய அதிகாரி, "விடுய்யா, பிரஷர் ஏறிடப்போகுது" என்று சிரிப்பார்.

அந்த அதிகாரியைத்தான் போன வாரம் கிடங்குத் தீ கொண்டுபோனது. தெருவை அடைத்து நின்ற வண்டிகளைத் தாண்டி தண்ணீர் வருவதற்குள், முன்னால் ஓடி உள்ளே நுழைந்திருந்த அவர்மேல் கூரை இறங்கிவிட்டது.

அஞ்சலிக்கு ஊரே திரண்டது, அதுவும் நிலைய வாசலில்! தெருவை அடைத்து நாற்காலிகள், நடுவில் அவர் படம், வண்டிக் கண்ணாடியை மறைத்து மாலைகள்.

"அவசரம்னா எப்படிய்யா வண்டிய எடுப்பேன்?"

"இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்கண்ணே" என்றார் ஏற்பாடு செய்த கடைக்காரர். நெருப்பு லீவு போட்டிருக்கிறதாக்கும்! கடைசியில் வண்டியின் சங்கு ஒலிக்கும், அப்போது எல்லோரும் எழுந்து தலைகுனிய வேண்டும் என்று மைக்கில் வேறு சொன்னார்.

மைக்கைப் பிடித்தவர்கள் விடுவதாயில்லை. நாலாவது ஆள் சொந்தப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது நிலையத்துக்குப் போன் வந்தது. மாடி வீட்டில் தீ. உள்ளே தாயும் குழந்தையும்.

சிடுமூஞ்சி மாலைகளைப் பிய்த்தெறிந்து ஏறினார். வீரர்களும் தொற்றிக்கொண்டார்கள். சங்கை முடுக்கினார்.

கூட்டம் மொத்தமும் எழுந்து, தலைகுனிந்து, ஆடாமல் அசையாமல் நின்றது.

"அட கடவுளே! நிஜமாவே நெருப்புய்யா! நகருங்க!" தொண்டை கிழியக் கத்தியும் சங்குச் சத்தத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. கடைக்காரர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் இருந்த அதிகாரியின் மனைவி மட்டும் நிமிர்ந்தார். வண்டியில் தொங்கும் வீரர்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் புருஷன் படத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டார், நாற்காலிகளைத் தள்ளினார், மைக்கைப் பிடுங்கினார்.

"அன்னிக்கும் இப்படித்தானே வழிய மறிச்சீங்க! இன்னிக்கு யாரைச் சாகடிக்கணும்? நகருங்க!"

அப்போதுதான் பதறிக்கொண்டு வழிவிட்டார்கள்.

வண்டி போய் நின்றபோது மாடி ஜன்னலில் தாயும் குழந்தையும் இருமிக்கொண்டிருந்தார்கள். வீரர்கள் ஏணியில் ஏறி இருவரையும் இறக்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் சிடுமூஞ்சி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, தன் அதிகாரிக்காக வாய்விட்டு அழுதார்.